மேலே ஒரு எண், கீழே ஒரு எண்

சிறுபாலத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
கைப்பிடிச் சுவரில் வெள்ளையடித்து
மேலே கிலோமீட்டர், நடுவில் கோடு, கீழே வரிசை.
அரவேணுவிலிருந்து குஞ்சப்பனை வரை
அத்தனையும் மருதைக்கு மனப்பாடம்.
இருபத்தொன்றின் கீழ் நாலில் சீகை இலை சேரும்.
இருபத்திரண்டின் கீழ் ஒன்றில்
சுற்றுலா வந்தவர்கள் எறிந்த பாட்டில்.
நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தோரு வருடம்
மண்வெட்டியோடு குனிந்தவர்.
"அடைச்ச அன்னைக்கே ரோடு போயிராது" என்பார்.
"தண்ணி உள்ள போய் உக்காரும்.
நாலு மழை தாங்கும்.
அஞ்சாவதுல, பஸ் வர்ற நேரமாப் பாத்துப் போகும்."

எனக்கும் எண்களோடுதான் பிழைப்பு.
மாத்திரைப் பை, பிரஷர் கருவி, நீள நோட்டு.
லயன் லயனாக ஏறி இறங்கி
கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து
மேலே ஒன்று, கீழே ஒன்று எழுதுவேன்.
பொம்மியக்கா, நூற்றைம்பதின் கீழ் தொண்ணூறு.
கொழுந்து எடைபோடும் இன்னாசி,
நூற்றெண்பதின் கீழ் நூறு, பீடியை விடமாட்டார்.

அந்த நோட்டில் மருதைக்கும் ஒரு பக்கம் உண்டு.
ஆறு வருடமாக நூற்றெழுபதுக்கு இறங்கவில்லை.
மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு
"தலை வலிக்கவே இல்லையே" என்று சிரிப்பார்.
கருவாட்டுக் குழம்புக்கு இன்னும் கொஞ்சம் உப்புக் கேட்பார்.
போட்டேன்.
அதை நோட்டில் எழுதவில்லை.

முதலில் தொலைந்தது வரிசை.
தூள், பால், சர்க்கரை எல்லாம் போட்டு
அடுப்பை மட்டும் பற்றவைக்காமல்
கொதிக்கட்டும் என்று காத்திருந்தார்.
பிறகு மகன் வேலை பார்க்கும் ஊர்.
பிறகு மகன்.

கோயம்புத்தூரில் படம் எடுத்தார்கள்.
கறுப்பில் வெள்ளைத் திட்டுகள்,
கோடநாடு முனையில் பனி இறங்குவது போல.
மருத்துவர் சின்னப் பெண், அவசரப்படாமல் சொன்னார்:
இதெல்லாம் பொடிக் குழாய்கள் அடைத்த இடம்.
இங்கே சுருங்கியிருப்பது அல்சைமர்.
தனித்தனி நோய் என்றுதான் முன்பெல்லாம் சொல்வார்கள்,
நிறையத் தலைகளில் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.
மூளையின் கழிவும் ரத்தக் குழாய் ஓரமாகத்தான்
வெளியேறுகிறதாம்.
வருடக்கணக்கான அழுத்தத்தில் குழாய் விறைத்தால்
அது அங்கேயே படியக் கூடுமாம்.
எது முதலில் வந்தது என்று கேட்டேன்.
உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அவரிடம் இன்றைய தேதி கேட்டார்.
மருதை நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"இருபத்தொண்ணு, கீழ நாலு."
ஏப்ரலா என்று மருத்துவர் குறித்துக்கொண்டார்.
அன்று நவம்பர் ஒன்பது.
நான் திருத்தவில்லை.

புருஷன் பெயரை வாயால் சொல்லாதே என்று
வளர்க்கப்பட்டவள் நான்.
இப்போது விடிந்ததும் மூன்று தரம் சொல்கிறேன்.
மருதை. நீங்க மருதை. உங்க பேரு மருதை.
யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஓட்டைப் பிய்க்கிற மழை.
இரண்டு மணிக்குக் கட்டில் காலி.
டார்ச்சோடு ஓடினால்
வீட்டுக்குப் பின்னால், சாக்கடையில், முழங்கால் தண்ணீரில்
வெறுங்கையால் இலையை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.
"நீங்க ஓரமாப் போங்கம்மா,
ரோடு போயிரும், இது கவர்மெண்ட் வேலை."
யாரோ ஓர் அம்மா நான்.
மண்வெட்டியை எடுத்துவந்து பக்கத்தில் குனிந்தேன்.
தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம்,
தண்ணீர் மொத்தமாக இழுத்துக்கொண்டு போனது.
சிரித்தார்,
சம்பள நாளில் சிரிப்பாரே, அது.

விடிந்ததும் பட்டையை என் கையில் சுற்றினேன்.
இத்தனை வருடத்தில் முதல் தடவை.
நூற்று அறுபத்து நாலின் கீழ் தொண்ணூற்றெட்டு.
நோட்டில் எனக்குப் பக்கம் இல்லை.
மருதையின் பக்கத்தில்
கடைசி வரிக்குக் கீழே எழுதிவைத்தேன்.
திங்கட்கிழமை கோத்தகிரி ஆஸ்பத்திரியில்
போய் வரிசையில் நிற்க வேண்டும்.

தலை வலிக்கவே இல்லை.